ஏழு முழ வீதி: தெஹிவளையில் வாகனம் நிறுத்த இடமில்லாமல் போன வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். வாசித்த பிறகு கோபம் வந்தால் என்னைத் திட்டலாம், பரவாயில்லை.

சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறோம். பள்ளிவாசலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஓர் அம்புலன்ஸ் நிற்கிறது. விளக்கு சுழல்கிறது, சத்தமும் போடுகிறது, ஆனால் அசையவில்லை. முன்னால் ஒரு கார், மதிலோடு ஒட்டி "ஒழுங்காக" நிறுத்தப்பட்டிருக்கிறது. அதன் சொந்தக்காரர் உள்ளே சுன்னத் தொழுதுகொண்டிருக்கிறார். நாலைந்து இளைஞர்கள் ஓடிப்போய் ஒலிபெருக்கியில் வாகன இலக்கத்தைச் சொல்லவைத்தார்கள். அவர் வந்து காரை எடுத்தார். அம்புலன்ஸ் உள்ளே போய், ஒரு வயோதிபத் தாயை ஏற்றிக்கொண்டு களுபோவில வைத்தியசாலைப் பக்கம் போனது.

அல்ஹம்துலில்லாஹ், அந்தத் தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சில நிமிடங்கள் என் மனதை விட்டுப் போகவில்லை. காரணம், அந்தக் காருக்கு இரண்டு கார் பின்னால் நின்றது என்னுடைய மோட்டார் சைக்கிள்.

அன்றிரவு எங்கள் வட்ஸ்அப் குழுவில் வழமையான கதைதான் நடந்தது. "வீதி சின்னது", "மாநகர சபை ஒன்றும் செய்யாது", "பொலிஸ் எங்கே?", "அந்தக் காலத்தில் இப்படியா இருந்தது?" கடைசிக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வரலாறு படிப்பிக்கிறவனுக்கு அது தூக்கம் கெடுக்கிற கேள்வி. அந்தக் காலத்தில் எப்படித்தான் இருந்தது? நம் வீதி எப்போது ஒடுங்கியது?

தேடிப் பார்த்ததில் எனக்கு விளங்கிய விடை இதுதான்: வீதி ஒடுங்கவேயில்லை. வீதியின் மேல் நாம் வைத்த பாரம்தான் கூடிப்போனது. எப்படிக் கூடியது என்பதைச் சொல்கிறேன்.

மீன் முள்ளைப் போல ஓர் ஊர்

முதலில் நம் ஊரின் அமைப்பைப் பாருங்கள். தெஹிவளை கல்கிசை மாநகர சபையின் முழுப் பரப்பே ஏறத்தாழ 21 சதுர கிலோமீற்றர்தான். மேற்கே கடல். கடலை ஒட்டிப் புகையிரதப் பாதை. அதற்குச் சமாந்தரமாகக் காலி வீதி. கிழக்கே போனால் பெல்லன்வில, அத்திடிய சதுப்பு நிலம். அதன் ஒரு பகுதி 1990-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நடுவே குறுக்காகக் கால்வாய்.

காலி வீதிதான் நடு முள். இரண்டு பக்கமும் சின்னச் சின்ன முட்களாக ஒழுங்கைகள். கடல் பக்கத்து ஒழுங்கைகள் பெரும்பாலும் புகையிரதப் பாதையில் போய் முட்டி நின்றுவிடும். ஒரு ஒழுங்கையிலிருந்து அடுத்த ஒழுங்கைக்குப் போவதென்றால் திரும்பவும் காலி வீதிக்கு வந்துதான் போக வேண்டும். ஆகவே பாண் வாங்கப் போகிறவரும், மாத்தறைக்குப் போகிறவரும் ஒரே வீதியில்தான் ஏற வேண்டும். இந்த ஊரில் நெரிசல் எங்கிருந்து தொடங்குகிறது என்பதற்குப் பாதி விடை இந்த வரைபடத்திலேயே இருக்கிறது.

இந்த அமைப்பை ஒருவரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. கரையோரமாகத் தென்னந்தோட்டங்களும் மீனவர் குடியிருப்புகளும் இருந்தன. தோட்டங்களுக்கு நடுவே கரத்தை போகிற பாதை இருந்தது. தோட்டத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது, பின் காணிக்குப் போக ஒரு வழி விட்டார்கள். அந்த வழிதான் இன்றைய ஒழுங்கை. ஒரு மாட்டுக் கரத்தை போக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அகலம்தான் அதற்கு விட்டார்கள். அன்றைக்கு அது தாராளமான அகலம்.

ரயில் வந்தது, ஊர் வளர்ந்தது

1870களின் பிற்பகுதியில் கொழும்பிலிருந்து தெற்கே கரையோரப் புகையிரதப் பாதை நீண்டது. 1894-இல் காலியையும் 1895-இல் மாத்தறையையும் அது தொட்டது. தெஹிவளையும் கல்கிசையும் கொழும்பில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கக்கூடிய இடங்களாக மாறியது ரயிலினால்தான். காலையில் ரயிலில் கோட்டைக்குப் போவார்கள், மாலையில் திரும்பி வருவார்கள். அப்படி வந்தவர்களுக்கு வாகனம் நிறுத்த இடம் தேவைப்படவில்லை. கால்களும் குடையும் போதுமாக இருந்தன.

இதை நாம் மறந்துவிடுகிறோம். நம் ஊர் காருக்காக உருவான ஊர் அல்ல. ரயிலை நம்பி உருவான ஊர்.

கட்டிடச் சட்டங்களும் அப்படித்தான். நம் நாட்டில் கட்டிடங்களையும் வீதி வரிசைகளையும் ஒழுங்குபடுத்திய பழைய சட்டம், 1915-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். 1914-இல் கொழும்பில் பிளேக் நோய் வந்தது. அடுத்த வருடம் இந்தச் சட்டம். வீட்டுக்குள் காற்று வருகிறதா, வெளிச்சம் வருகிறதா, பின்னால் வெற்றிடம் விட்டிருக்கிறார்களா என்பதுதான் அன்றைய கவலை. வாகனம் அன்று ஒரு பிரச்சினையே அல்ல.

ஆனால் தூரத்தைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். 1921-இல் பற்றிக் கெடிஸ் கொழும்பைப் பற்றி ஒரு திட்ட அறிக்கை எழுதினார். 1940-இல் கிளிபர்ட் ஹொலிடே ஒன்று தந்தார். 1940களின் முடிவில் லண்டன் திட்டத்தால் பெயர் பெற்ற பற்றிக் அபர்குரொம்பி இங்கே வந்து, கொழும்புக்கு வெளியே துணை நகரங்களை வளர்க்க வேண்டும் என்றார். றாகமை, ஹோமாகமை ஆகியவற்றோடு நம் பக்கத்து இரத்மலானையும் அந்தப் பட்டியலில் இருந்தது. தொழிலும் குடியிருப்பும் ஒரே இடத்தில் இருந்தால் எல்லோரும் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. இரத்மலானையில் தொழிற்சாலைகள் வந்தன. ஆனால் கொழும்புக்கு ஓடுவது நிற்கவில்லை.

சிவப்பு பஸ்ஸின் காலம்

1959-இல் நம் ஊர் மாநகர சபையாக உயர்ந்தது. அதற்கு ஒரு வருடம் முன்தான், 1958 ஜனவரி 1-ஆம் திகதி, எஸ்.டப்ளியூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கம் தனியார் பஸ் கம்பனிகளை எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை உருவாக்கியது. அதுவரை தெற்குப் பக்கம் ஓடியவை சேர் சிறில் டி சொய்சாவின் சவுத் வெஸ்டர்ன் பஸ்கள்.

மூத்தவர்களுக்கு நினைவிருக்கும், காலி வீதியில் லண்டனில் ஓடி முடித்த சிவப்பு இரட்டைத் தட்டு பஸ்கள் வந்த காலம். வாப்பா சொல்வார், மேல் தட்டில் முன் சீட் கிடைத்தால் கடல் தெரியும் என்று. 100 பாணந்துறைக்கு, 101 மொரட்டுவைக்கு. இன்றைக்கும் அதே இலக்கங்கள்தான். ஒரு பஸ்ஸில் ஐம்பது அறுபது பேர் போனார்கள். அவர்கள் இறங்கிப் போன பிறகு வீதியில் மிச்சமாக ஒன்றும் நிற்கவில்லை. பஸ்ஸில் வருகிறவர் தன் வாகனத்தை நம் கடை வாசலில் விட்டுவிட்டுப் போவதில்லை. பொதுப் போக்குவரத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வேகத்தைப் பற்றியே பேசுகிறோம். அது மிச்சப்படுத்தித் தருகிற இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1977-க்குப் பிறகு

1977-இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. இறக்குமதி இலகுவாகியது. 1979-இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடம் கொடுத்தார்கள். வேன் வந்தது, முச்சக்கர வண்டி வந்தது, பிறகு ஜப்பானிலிருந்து பாவித்த கார்கள் கப்பல் கப்பலாக வந்தன. வெளிநாட்டுக்கு உழைக்கப் போனவர்களின் பணமும் சேர்ந்தது. இதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. மழையில் நனையாமல் பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுபோக ஒரு தகப்பன் ஆசைப்படுவது பாவமில்லை.

அதே காலத்தில் குடியிருப்பும் மாறியது. 1983 கலவரம், யுத்தம், 1990-இல் வட மாகாண முஸ்லிம்களின் வெளியேற்றம் என்று ஒவ்வொரு துயரமும் மக்களைக் கொழும்பின் பக்கம் தள்ளியது. வந்தவர்களில் பலர் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் களுபோவிலவிலும் இடம் தேடினார்கள். காணி விலை ஏறியது. ஒரு வீடு இருந்த பத்துப் பேர்ச்சஸ் காணியில் தொடர்மாடி எழுந்தது. 1973-லேயே தொடர்மாடி உடைமைச் சட்டம் வந்திருந்ததால் ஒவ்வொரு வீட்டையும் தனி உறுதியோடு விற்கவும் முடிந்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு குடும்பம் இருந்த காணியில் பன்னிரண்டு குடும்பம். ஒழுங்கை மட்டும் அதே கரத்தைப் பாதை.

சட்டம் இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1978-இல் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கான சட்டம் வந்தது. 1986-இல் அதன் திட்டமிடல், கட்டிட ஒழுங்கு விதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. எந்த வகைக் கட்டிடத்துக்கு எத்தனை வாகனத் தரிப்பிடம் என்ற அளவு அதில் இருந்தது. 2021-இல் புதிய விதிகள் வந்தன. காகிதத்தில் இடம் இருக்கிறது.

நிலத்தில்? நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வரைபடத்தில் "வாகனத் தரிப்பிடம்" என்று காட்டிய நிலக்கீழ் மாடி, சான்றிதழ் கிடைத்த பிறகு களஞ்சியமாகிறது. கீழ்த்தளம் கடையாகிறது. வீட்டுக்கு ஒரு இடம் என்று கணக்குப் போட்டால், மூத்த மகனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள், மருமகனுக்கு ஒரு கார். விருந்தாளிகள் எங்கே நிறுத்துவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 1986-க்கு முன் கட்டிய பழைய கடைகளுக்கு முன்னால் வீதியைத் தவிர வேறு இடமே கிடையாது.

மேம்பாலம் வந்தும் ஏன் தீரவில்லை?

இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிகிற காலத்தில் தெஹிவளைச் சந்தியில் இரும்பு மேம்பாலம் போட்டார்கள். நுகேகொடையிலும் களனியிலும் அதே காலத்தை ஒட்டித்தான். முதல் நாட்களில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மேம்பாலம் ஒரு சந்தியின் முடிச்சை மட்டும்தான் அவிழ்க்கும். மேலே ஏறிக் கடந்த வாகனங்கள் எல்லாம் எங்கோ ஓரிடத்தில் இறங்கி, ஒரு கடைக்கு முன்னால் நிற்கத்தான் வேண்டும். காலி வீதியில் ஒரு கார் "ஐந்து நிமிடம்" என்று நின்றால் ஒரு நிரல் முழுக்க அடைபட்டுப் போகிறது. பல கோடி ரூபா செலவழித்துப் போட்ட பாலத்தின் பயனை, இரண்டு அபாய விளக்குகளைப் போட்டுவிட்டு ஒரு கொத்து ரொட்டி வாங்கப் போகிறவர் இல்லாமலாக்கி விடுகிறார்.

இன்னொரு காரணம், வீதி ஒன்று, பொறுப்பு பல. காலி வீதியின் தார் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. போக்குவரத்து ஒழுங்கு 1951-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் பொலிஸாருக்கு. உள் ஒழுங்கைகளும் சந்தையும் மாநகர சபைக்கு. கட்டிட விதிகள் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்கள் மாகாண சபைக்கு. ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் காட்டுவார். அதற்கு மேலே, 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை கேள்வி கேட்பதற்கு உறுப்பினர்களே இல்லாமல் இருந்தோம்.

நடுவில் ஒரு விசித்திரமான காலமும் வந்து போனது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022-இல் பெற்றோல் இல்லாமல் போனது. காலி வீதியின் ஓரம் முழுக்க எரிபொருள் வரிசை. பிறகு கியூ.ஆர். குறியீடு. அந்த மாதங்களில் பழைய சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்தோம். ரயிலில் தொங்கிக்கொண்டு போனோம். கஷ்டமான காலம், அதைப் பெருமையாகப் பேச மாட்டேன். ஆனால் ஜும்ஆவுக்கு நடந்து வந்தோம். பத்து நிமிட நடைதான் என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்துவிட்டது. புது வாகனங்கள் வருகின்றன. ஒழுங்கை அதே கரத்தைப் பாதைதான்.

நம் மார்க்கத்தின் பழைய கணக்கு

இனி நமக்கு நெருக்கமான வரலாற்றுக்கு வருகிறேன்.

வழி விடயத்தில் பிணக்கு ஏற்பட்டால் அதன் அகலத்தை ஏழு முழமாக வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் தீர்ப்புச் சொன்னதாக புஹாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் பதிவாகியிருக்கிறது. ஹிஜ்ரி 17-இல், அதாவது கி.பி. 638-இல், கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) கூபா நகரை அமைத்தபோது பெரிய வீதிகளுக்கு 40 முழம், அடுத்தவற்றுக்கு 30, அதற்கடுத்தவற்றுக்கு 20, ஒழுங்கைகளுக்கு 7 முழம் என்று அளந்து விட்டதாக வரலாற்றாசிரியர் தபரி எழுதுகிறார். வெறும் பாலைவனத்தில் ஒரு புது ஊர். வீடு கட்டுவதற்கு முன்பே வீதியை அளந்தார்கள்.

ஏழு முழம் என்றால் ஏறத்தாழ மூன்றே கால் மீற்றர் முதல் மூன்றரை மீற்றர். நம் ஊரின் பத்து அடி ஒழுங்கை மூன்று மீற்றர். கிட்டத்தட்ட அதே அளவு! இப்போது ஒரு சின்னக் கணக்கு. சாதாரண காரின் அகலம் 1.7 மீற்றர். அதை மதிலோடு ஒட்டி நிறுத்தினாலும் பத்து அடி ஒழுங்கையில் மிஞ்சுவது 1.3 மீற்றர். அம்புலன்ஸ் வேனின் அகலம் கண்ணாடிகளோடு இரண்டு மீற்றர் அளவில். எவ்வளவு "ஒழுங்காக" நிறுத்தினாலும் அம்புலன்ஸ் போகாது. ஜனாஸாவைச் சுமந்துகொண்டு நாலு பேர் பக்கத்துக்குப் பக்கமாக நடக்கவும் இடம் பற்றாது. இதில் வாதாட ஒன்றுமில்லை, ஆறாம் வகுப்புக் கழித்தல் கணக்கு.

இன்னொரு ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. ஒரு படையெடுப்பின்போது மக்கள் தங்கும் இடங்களை நெருக்கி, வழியையும் மறித்துக்கொண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒருவரை அனுப்பி, பிறருடைய இடத்தை நெருக்குகிறவருக்கும் வழியை மறிக்கிறவருக்கும் ஜிஹாதின் நன்மை இல்லை என்ற கருத்தை அறிவிக்கச் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள். அவர்கள் பிழையான காரியத்துக்குப் போனவர்கள் அல்ல. இபாதத்துக்காகப் புறப்பட்டவர்கள். அவர்களுக்கே அந்த எச்சரிக்கை. ஜும்ஆவுக்காக ஒழுங்கையை அடைத்துவிட்டு முதல் ஸஃப்பில் போய் உட்காருகிற நமக்கு இது என்ன சொல்கிறது? தீர்ப்புச் சொல்ல நான் மௌலவி இல்லை. ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது.

பிற்கால முஸ்லிம் நகரங்களில் முஹ்தஸிப் என்றொரு அதிகாரி இருந்தார். நிறுவை சரியா என்று பார்ப்பதோடு, கடைச் சாமான்களோ கட்டிடமோ வழியை மறிக்கின்றனவா, மிருகங்களின் மேல் அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுகிறார்களா என்று பார்ப்பதும் அவர் வேலை. 11-ஆம் நூற்றாண்டில் மாவர்தி இந்தக் கடமைகளை விரிவாக எழுதியிருக்கிறார்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் ஒக்லஹோமா நகரத்தில் 1935 ஜூலை மாதம் உலகின் முதல் வாகனத் தரிப்பு மீற்றரை நட்டார்கள். காரணம் சுவாரசியமானது. கடைத்தெருவில் வேலை செய்கிறவர்களே காலையில் வந்து காரை நிறுத்திவிட்டு மாலை வரை எடுப்பதில்லை. சாமான் வாங்க வருகிறவருக்கு இடமில்லை. கடைக்காரர்கள் வியாபாரம் போகிறதென்று புலம்பினார்கள். மணிக்கு ஐந்து சதம் என்று கட்டணம் வைத்ததும் இடம் புரளத் தொடங்கியது. நம் கடைத்தெருவில் கடைக்கு முன்னால் காலை ஒன்பது மணிக்கே நிற்கிற முதல் வாகனம் யாருடையது என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் கடை முதலாளியுடையதுதான்.

ஜப்பானில் 1962-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கார் வாங்க வேண்டுமென்றால், அதை நிறுத்த இடமிருக்கிறது என்று பொலிஸில் சான்றிதழ் பெற வேண்டும். இப்போதைய விதிப்படி அந்த இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும். நாம் ஓட்டுகிற கார்களில் எத்தனையோ அந்த நாட்டில் இப்படி இடம் காட்டிய பிறகே முதன்முதலில் வீதிக்கு வந்தவை. இங்கே வந்ததும் ஒழுங்கையில் தூங்குகின்றன.

கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப் இதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டார். 2005-இல் அவர் எழுதிய பெரிய நூலின் சாரம், இலவசத் தரிப்பிடம் என்று ஒன்று கிடையாது, அதன் விலையைக் கார் இல்லாதவனும் சேர்ந்து கட்டுகிறான் என்பது. வீதி ஓரத்தில் எப்போதும் ஓரிரு இடம் வெறுமையாக இருக்கும்படி கட்டணம் வையுங்கள், வசூலித்த பணத்தை அதே வீதியின் நடைபாதைக்கும் விளக்குக்கும் செலவழியுங்கள் என்றார். இரண்டாவது பகுதிதான் முக்கியம். பணம் எங்கே போகிறது என்று கண்ணால் கண்டால் மக்கள் கட்டுவார்கள்.

நாம் செய்யக்கூடியது

நான் பொறியியலாளன் அல்ல. ஆனால் வரலாற்றைப் பார்த்த பிறகு சில விடயங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

ஒன்று, பள்ளிவாசல். ஒழுங்கை முழுக்கத் தடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் முடியாது. ஆனால் பத்து அடி ஒழுங்கைகளில் கார் நிறுத்துவதில்லை என்று மஹல்லாவாசிகள் ஒரு முடிவுக்கு வரலாம். வெள்ளிக்கிழமை மதியம் வெறுமையாகக் கிடக்கிற இடங்கள் பக்கத்தில் இருக்கின்றன. கம்பனி வளவுகள், பாடசாலை மைதானங்கள், மண்டபங்கள். நம்பிக்கையாளர் சபை முறையாகப் போய்க் கேட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு யார் மறுப்பார்கள்? வாலிபர்கள் நாலு பேருக்கு ஒளிரும் அங்கி கொடுத்து ஒழுங்கை முனையில் நிறுத்தினால் போதும். நடந்து வர முடிந்தவர்கள் நடந்து வாருங்கள். ஒவ்வோர் எட்டுக்கும் நன்மை என்று நாம்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

இரண்டு, கடைக்கார நானாமாருக்கு. உங்கள் வாகனத்தைப் பின்னால் எங்காவது நிறுத்துங்கள். கடை வாசல் வாடிக்கையாளருக்கு. லொறியில் சாமான் இறக்குவதைப் பாடசாலை நேரத்துக்கு முன்னால் முடியுங்கள்.

மூன்று, டியூஷன் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு. இதில் என் சக ஆசிரியர்களும் அடங்குவார்கள். எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில் முடிந்தால் ஒழுங்கை தாங்காது. பதினைந்து நிமிட இடைவெளி விட்டால் ஒருவருக்கும் நட்டமில்லை.

நான்கு, மாநகர சபை. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வாக்குக் கேட்டு நம் ஒழுங்கைக்குள்தான் வந்தார்கள், வாகனம் உள்ளே வராமல் நடந்து வந்ததையும் நான் கண்டேன். அவர்களிடம் மேம்பாலம் கேட்க வேண்டாம். சின்னதாக மூன்று கேள்வி கேட்போம். அனுமதிக்கப்பட்ட வரைபடங்களில் இருக்கிற தரிப்பிடங்கள் உண்மையில் தரிப்பிடமாக இருக்கின்றனவா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? எந்தெந்த ஒழுங்கைகளுக்குள் அம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போகாது என்ற பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? வீதியோரத் தரிப்பிடக் கட்டணம் வசூலிப்பதானால் அந்தப் பணம் எந்த வீதிக்குச் செலவாகும் என்று எழுதித் தருவீர்களா?

ஐந்தாவது எனக்கு. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மோட்டார் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு நடந்து போகிறேன். பன்னிரண்டு நிமிடம். வெயில்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். உம்மாவின் குடையை எடுத்துக்கொண்டு போகிறேன், பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

அந்த ஒழுங்கையில் இன்னும் பல வயோதிபர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை அம்புலன்ஸ் வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அது நம் வீட்டுக்கு வருவதாகவும் இருக்கலாம்.

இரண்டு வேண்டுகோள். மூத்தவர்கள் யாரிடமாவது காலி வீதியின், தெஹிவளைச் சந்தியின் பழைய புகைப்படங்கள் இருந்தால் கீழே பதிவிடுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்துங்கள்.

அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் நம்பிக்கையாளர் சபையைச் சந்தித்து அந்தப் பக்கத்து வளவுகள் விடயமாகப் பேசலாம் என்றிருக்கிறோம். வர விரும்புகிறவர்கள் வாசலில் நில்லுங்கள். தயவுசெய்து நடந்து வாருங்கள்.

வஸ்ஸலாம்.